ஜோர்டனை விட்டாங்க, டுராண்டை விட்டாங்க: ஒரு டீமோட டிராஃப்ட்டை எப்படி குறை சொல்றது?

ஒவ்வொரு ஜூன் மாசமும் அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவோட டிராஃப்ட் வந்தா ஒரே பேச்சு தான் ஓடும். "போர்ட்லேண்ட் டீமுக்கு அறிவே கிடையாதுப்பா, 1984ல மைக்கேல் ஜோர்டனை விட்டுட்டாங்க, 2007ல கெவின் டுராண்டை விட்டுட்டாங்க, ரெண்டு தடவையும் கால் சரியில்லாத நெட்டை ஆளை எடுத்துட்டு வந்தாங்க." பாஸ்கெட்பால் சரியா பார்க்காதவங்க கூட இதை மனப்பாடமா சொல்லுவாங்க.

நான் போர்ட்லேண்ட் ரசிகன். 2014 மே மாசம் ஹூஸ்டனுக்கு எதிரா 0.9 செகண்ட் மிச்சம் இருக்கும்போது டேமியன் லில்லார்ட் ஓடி வந்து பந்தை வாங்கி த்ரீ பாயிண்ட் போட்டாரே, அந்த காலையில இருந்து. அதனால இந்தப் பேச்சை நிறைய கேட்டிருக்கேன், கேட்டு கேட்டு பழைய டிராஃப்ட்களை ஒண்ணு ஒண்ணா தோண்டியும் பார்த்திருக்கேன். எனக்குத் தோணுறது என்னன்னா, அந்த ரெண்டும் ஒரே மாதிரி தப்பு இல்ல. 1984ல நடந்தது நிஜமாவே தப்பான முடிவு. 2007ல நடந்தது சரியான முடிவு, விளைவு தான் மோசமா போச்சு. இந்த வித்தியாசம் புரிஞ்சா எந்த டீமோட டிராஃப்ட்டையும் ஒழுங்கா குறை சொல்லலாம். அதுக்கு முதல்ல டிராஃப்ட்னா என்னன்னு பார்த்துடுவோம்.

டிராஃப்ட்: தலைகீழா நடக்கிற கவுன்சிலிங்

நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சிலிங் தெரியும்ல. ரேங்க் நல்லா இருக்கிறவங்க முதல்ல போய் காலேஜ் எடுப்பாங்க, கடைசி ரேங்க்காரங்களுக்கு மிச்சம் இருக்கிறது. டிராஃப்ட் அதை அப்படியே கவுத்து வச்ச மாதிரி. போன சீசன்ல மோசமா தோத்த டீமுக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்கு கிட்டத்தட்ட கடைசி. காலேஜ்ல இருந்தும் வெளிநாட்டு லீக்ல இருந்தும் வர்ற புது பசங்கள்ல ஒருத்தரை ஒவ்வொரு டீமும் வரிசைப்படி எடுக்கும். அப்படி எடுக்கிற ஒரு வாய்ப்புக்குப் பேர் தான் பிக்.

ஐபிஎல் ஏலம் பார்த்தவங்க இதை ஏலத்தோட குழப்பிக்கிறாங்க. ஏலத்துல காசு இருந்தா யாரை வேணும்னாலும் துரத்தலாம். இங்க காசுக்கு வேலையே இல்ல, முதல் ரவுண்டு பசங்களோட சம்பளம் எத்தனாவது பிக்ங்கிறதை வச்சு முன்னாடியே வகுத்த அளவுக்குள்ள தான் இருக்கும். உன் முறை வரும்போது யார் மிச்சம் இருக்காங்களோ அவங்கள்ல ஒருத்தர், அவ்வளவு தான். பிக்கை இன்னொரு டீமுக்கு வித்துக்கலாம் மாத்திக்கலாம், அது வேற கதை, அதுவும் கீழ வரும்.

30 டீம், ரெண்டு ரவுண்டு, ஆக 60 பிக். விதி மீறினதுக்குத் தண்டனையா சில வருஷம் ஒண்ணு ரெண்டு குறையும். ரெண்டாவது ரவுண்டுல போறவங்கள்ல பலருக்கு கோர்ட்ல இறங்குற வாய்ப்பே வராது. 2015ல பஞ்சாப்ல பிறந்த சத்னாம் சிங்கை டல்லாஸ் 52வது பிக்ல எடுத்தாங்க, என்பிஏ டிராஃப்ட்ல போன முதல் இந்தியர், ஆனா ஒரு என்பிஏ மேட்ச் கூட ஆட முடியல.

லாட்டரி: 14 பந்து, 1001 கூட்டு

கடைசியா வந்தா முதல் பிக்னு எழுதி வச்சுட்டா என்ன ஆகும், சீசன் பாதியிலயே சில டீம் வேணும்னே தோக்க ஆரம்பிக்கும். அதைக் கட்டுப்படுத்த 1985ல கொண்டு வந்தது தான் லாட்டரி, அதாவது பிளேஆஃப் போகாத டீம்களுக்குள்ள முதல் சில பிக் யாருக்குன்னு குலுக்கல் போடுறது. ஒரு மெஷின்ல 1ல இருந்து 14 வரைக்கும் நம்பர் போட்ட பந்து சுத்தும், நாலு பந்து எடுப்பாங்க, அப்படி எடுத்தா வரக்கூடிய நாலு நம்பர் சேர்க்கை, அதாவது கூட்டு, மொத்தம் 1001 விதம், அதுல 1000 கூட்டை டீம்களுக்குப் பிரிச்சு கொடுத்திருப்பாங்க. 2019ல மாத்தின விதிப்படி ரொம்ப மோசமான மூணு டீமுக்கும் தலா 140 கூட்டு, அதாவது 14 சதவீதம் தான்.

2007ல போர்ட்லேண்டுக்கு முதல் பிக் கிடைக்க இருந்த வாய்ப்பு 5.3 சதவீதம். ஆயிரத்துல 53 கூட்டு. அது விழுந்துச்சு. அந்த வருஷம் அதிகமா தோத்திருந்த மெம்ஃபிஸ் நாலாவதுக்கும் பாஸ்டன் அஞ்சாவதுக்கும் இறங்கினாங்க.

இதுவரைக்கும் சுருக்கமா: தோத்தவங்களுக்கு முன்னுரிமை, முன்னாடி இருக்கிற இடத்துக்கு குலுக்கல், உன் முறையில மிச்சம் இருக்கிற ஆள்ல ஒருத்தர். எங்க நிப்போம்ங்கிறது அதிர்ஷ்டம், யாரை எடுப்போம்ங்கிறது தான் டீமோட கையில இருக்கு. குறை சொல்றதுன்னா அந்த ரெண்டாவதைத் தான் சொல்லணும்.

தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிறது

தர்பூசணிக் கடையில நின்னு பாருங்க. ஒவ்வொருத்தரும் காயைத் தூக்கி, காதுகிட்ட வச்சு, விரலால தட்டி, சத்தம் கேட்டு, தரையில பட்டுக் கிடந்த மஞ்சள் திட்டு எவ்வளவு பெருசுன்னு பார்த்து தான் வாங்குவாங்க. அனுபவம் இருக்கிறவங்க அதிகமா நல்ல பழம் வாங்குவாங்க, உண்மை தான். ஆனா வெட்டாம உள்ள சிவப்பா வெளுப்பான்னு உறுதியா சொல்ற ஆள் யாரும் இல்ல.

டிராஃப்ட்ல டீம்கள் பண்றது இதே தான், கொஞ்சம் செலவு பண்ணி பண்றாங்க. காலேஜ் மேட்ச்களை ஸ்கவுட்டுகள் போய் பார்ப்பாங்க. கம்பைன்னு ஒண்ணு நடக்கும், டிராஃப்ட்டுக்கு முன்னாடி பசங்களை ஒரே இடத்துல கூட்டி உயரம், கை நீளம், குதிக்கிற அளவு எல்லாம் அளக்கிற முகாம். அப்புறம் டாக்டர் பரிசோதனை, நேர்ல பேசறது, ஊர்ல விசாரிக்கிறது. இவ்வளவும் பண்ணி அவங்க கையில இருக்கிறது 19, 20 வயசு பையனைப் பத்தின ஒரு ஊகம்.

அந்த ஊகம் எவ்வளவு பலிக்கும்னு பார்க்க பேஸ் ரேட்னு ஒண்ணு இருக்கு, இந்த மாதிரி விஷயம் இதுக்கு முன்னாடி நூத்துக்கு எத்தனை தடவை நல்லா முடிஞ்சிருக்குங்கிற கணக்கு. 2001ல இருந்து 2013 வரைக்கும் முதல் பிக்ல போன 13 பேரை எடுத்துக்குவோம். யாவ் மிங், லெப்ரான் ஜேம்ஸ், ட்வைட் ஹாவர்ட், டெரிக் ரோஸ், பிளேக் கிரிஃபின், ஜான் வால், கைரி இர்விங், ஆண்டனி டேவிஸ்னு எட்டு பேர் ஒரு தடவையாவது ஆல் ஸ்டார் ஆனாங்க, அதாவது லீக்கோட சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடுற வருஷாந்திர மேட்ச்சுக்குத் தேர்வானாங்க. குவாமே பிரவுன், ஆண்ட்ரூ போகட், ஆண்ட்ரியா பார்ன்யானி, கிரெக் ஓடன், ஆண்டனி பென்னட்னு அஞ்சு பேர் ஒரு தடவை கூட ஆகல. எம்விபி, அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினது லெப்ரானும் ரோஸும் மட்டும் தான்.

அத்தனை டீமும் உத்துப் பார்க்கிற, யாரை வேணும்னாலும் எடுக்கலாம்ங்கிற முதல் இடத்துக்கே 13க்கு 5 கைக்கு வரல. இதை மனசுல வச்சுக்கிட்டு தான் அடுத்ததுக்குப் போகணும்.

ஆன்ஸர் கீ கையில இருக்கும்போது எல்லாரும் டாப்பர் தான்

பரீட்சை முடிஞ்சு ஆன்ஸர் கீ வந்தப்புறம் பார்த்தா எல்லா கேள்வியும் சுலபமா தான் இருக்கும், "அட இது தெரியுமே"ன்னு தோணும். விளைவு தெரிஞ்சப்புறம் அது முன்னாடியே தெரிஞ்சிருந்த மாதிரி மனசு நம்ப ஆரம்பிக்கிறதுக்கு பின்னோக்குப் பிழைன்னு பேர். டிராஃப்ட் பேச்சுல முக்கால்வாசி இது தான்.

இதுக்கு மருந்து, முடிவையும் விளைவையும் ரெண்டா பிரிச்சு பார்க்கிறது. ஹெல்மெட் போடாம பைபாஸ்ல நூறுல போயிட்டு பத்திரமா வீடு வந்து சேர்ந்தா விளைவு நல்லது, முடிவு மோசம். வண்டியை சர்வீஸ் விட்டு, காத்து செக் பண்ணி, ஹெல்மெட் மாட்டி மெதுவா போகும்போது ரோட்டுல கிடந்த ஆணி ஏறி பஞ்சர் ஆனா முடிவு நல்லது, விளைவு மோசம். வீட்ல திட்டு வாங்கறது என்னமோ ரெண்டாவது ஆள் தான், லேட்டா வந்ததுக்கு.

இப்போ போர்ட்லேண்டுக்கு வருவோம்.

1984: முழங்காலுக்குக் கீழ ஒரு கேள்வி

அப்போ லாட்டரி கிடையாது. லீக்ல கிழக்கு, மேற்குன்னு ரெண்டு பிரிவு; கிழக்குல கடைசி டீம், மேற்குல கடைசி டீம், ரெண்டு பேருக்கும் காசு சுண்டி தலையா பூவான்னு பார்ப்பாங்க. மேற்குல ஹூஸ்டன். கிழக்குல கடைசி இண்டியானா, ஆனா அவங்க பிக் போர்ட்லேண்ட் கையில இருந்துச்சு, ஏன்னா 1981லயே டாம் ஓவன்ஸ்ங்கிற சென்டரை, அதாவது கூடைக்குப் பக்கத்துல ஆடுற நெட்டை ஆளை, கொடுத்து அதை வாங்கி வச்சிருந்தாங்க. (ஜோர்டனை விட்டாங்கன்னு நியாயமா அழ வேண்டியது இண்டியானா ரசிகர்களும் தான், யாருமே அவங்களைப் பத்தி பேசறதில்ல.) ஹூஸ்டன் ஜெயிச்சு ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்தாங்க. ரெண்டாவது போர்ட்லேண்ட் சாம் போவி, கென்டக்கி காலேஜ் சென்டர். மூணாவது சிகாகோ, ஜோர்டன்.

போர்ட்லேண்ட் பக்கம் இருந்த நியாயத்தை முதல்ல சொல்லிடணும். ஜோர்டன் ஆடுற இடத்துல அவங்களுக்கு ஜிம் பேக்ஸன்னு ஒரு ஆல் ஸ்டார் இருந்தார், முந்தின வருஷம் தான் கிளைட் டிரெக்ஸ்லரையும் எடுத்திருந்தாங்க. கரீம் அப்துல் ஜப்பார், மோசஸ் மலோன் மாதிரி ஆளுங்களைப் பார்த்து, பெரிய சென்டர் இருந்தா தான் கப்புன்னு எல்லாரும் நம்பின காலம். போர்ட்லேண்டோட ஒரே கப்பு, 1977, அதுவே பில் வால்டன்ங்கிற சென்டரை வச்சு ஜெயிச்சது. சிகாகோ மேனேஜர் ராட் தோர்னே ஜோர்டன் ஏழடி இருந்திருக்கலாம்ங்கிற மாதிரி தான் அன்னிக்குப் பேசினார்.

அப்போ ஏன் இதை தப்பான முடிவுன்னு சொல்றேன்? ஜோர்டன் ஆறு கப்பு ஜெயிச்சதால இல்ல. அதை எடுத்து ஓரமா வச்சுடுங்க, 1984 ஜூன் 19 அன்னிக்கு மேசை மேல என்ன இருந்துச்சுன்னு மட்டும் பாருங்க.

போவி காலேஜ்ல ரெண்டு முழு சீசன் ஆடல. முழங்காலுக்குக் கீழ எலும்புல விரிசல், சீக்கிரம் ஆறவும் இல்ல. ஏழடி ஆளு, அவ்வளவு எடையையும் தாங்க வேண்டிய எலும்பு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அதனால தான் போர்ட்லேண்ட் டாக்டர்கள் மணிக்கணக்கா பரிசோதிச்சாங்க. பல வருஷம் கழிச்சு ஒரு ஆவணப்படத்துல போவியே சொன்னார், சின்ன சுத்தியலால கால்ல தட்டிட்டு வலிக்குதான்னு கேட்டப்போ இல்லைன்னு சொன்னேன், உள்ள வலிச்சுதுன்னு. அந்த மனுஷன் மேல எனக்குக் கோவமே இல்ல, ரெண்டு வருஷம் கட்டிலும் கட்டுமா கிடந்துட்டு வாழ்க்கை வாசல்ல வந்து நிக்கிற பையன் வேற என்ன சொல்லுவான். ஆனா ஒரு டீம் அந்த "இல்ல"ங்கிற ஒரு வார்த்தையை விட ரெண்டு வருஷ சரித்திரத்துக்கு அதிக எடை கொடுத்திருக்கணும். அதுலயும் போர்ட்லேண்ட். கப்பு வாங்கிக் கொடுத்த வால்டனோட கால் எலும்பு எப்படி போச்சுன்னு கண் முன்னாடி பார்த்தவங்க.

இன்னொண்ணு, டிராஃப்ட்ல எப்பவும் ஒரு இழுபறி இருக்கும். நம்ம டீம்ல எந்த இடம் காலியோ அதுக்கு ஆள் எடுக்கிறது ஒரு வழி, இதை ஃபிட்னு சொல்லுவாங்க. இடம் எதுவா இருந்தாலும் இருக்கிறதுலயே திறமைசாலியை எடுக்கிறது இன்னொரு வழி. இதைத் தீர்க்க டீம்கள் பசங்களை அடுக்கடுக்கா பிரிச்சு வைப்பாங்க, ஒரே அடுக்குல இருக்கிறவங்க கிட்டத்தட்ட சமம்னு அர்த்தம். ஒரே அடுக்குக்குள்ள ஃபிட் பார்க்கலாம், அடுக்கைத் தாண்டி கீழ இறங்கி ஃபிட் பார்க்கக் கூடாது. வீட்ல ஸ்டூல் இல்லைன்னு கண்ணு முன்னாடி வந்த நிலத்தை விட்டுட்டு ஸ்டூல் வாங்கிட்டு வர்றது மாதிரி ஆயிடும்.

ஜோர்டன் அந்த வருஷம் அமெரிக்காவோட சிறந்த காலேஜ் ஆட்டக்காரர் விருது வாங்கினவர். போவி நல்ல ஆட்டக்காரர், ஆனா கால் சந்தேகத்தையும் சேர்த்தா அவர் அடுத்த அடுக்கு. சென்டர் இல்லாம இருந்ததும் பாதி அவங்களே உண்டாக்கின பள்ளம், அதே மாசம் கிகி வாண்டவேங்கிற ஸ்கோரரை வாங்க கொடுத்த மூணு ஆட்டக்காரர்கள்ல வெய்ன் கூப்பர்ங்கிற சென்டரும் ஒருத்தர்.

போவி முதல் சீசன்ல 76 மேட்ச் ஆடினார், நல்லாவே ஆடினார். அடுத்த நாலு சீசன் சேர்த்து 63 மேட்ச். 1989ல அவரைக் கொடுத்து பக் வில்லியம்ஸை வாங்கினாங்க, அந்த பக் வில்லியம்ஸ் இருந்த டீம் தான் 1990லயும் 1992லயும் ஃபைனல் போச்சு, இதையும் யாரும் சொல்றதில்ல. ஆனா 1992 ஃபைனல்ல எதிர்ல யார்? ஜோர்டன். முதல் மேட்ச்சோட முதல் பாதியில மட்டும் ஆறு த்ரீ, 35 பாயிண்ட், ஆறாவது விழுந்ததும் கமெண்டரி மேசை பக்கம் திரும்பி ரெண்டு கையையும் விரிச்சு தோளைக் குலுக்குவாரே, அந்தக் காட்சி. அது நடந்தது எங்க டீமுக்கு எதிரா. அதனால தான் இது ஆறாத புண்ணு.

சுருக்கமா: 1984 முடிவைக் குறை சொல்ல ஜோர்டனோட பின்னாள் பெருமை தேவையே இல்ல. அன்னிக்கே தெரிஞ்ச கால் பிரச்சனையும், அடுக்கு தாண்டி ஃபிட் பார்த்ததும் போதும்.

2007: இது வேற கதை

கிரெக் ஓடன். ஏழடி, ஒஹாயோ ஸ்டேட். வலது மணிக்கட்டுல ஆபரேஷன் பண்ணிட்டு சீசனுக்கு லேட்டா வந்தவர், வலது கை ஆட்டக்காரர் இடது கையால ஃப்ரீ த்ரோ போட்டு சமாளிச்சுக்கிட்டே டீமை தேசிய ஃபைனல் வரைக்கும் கொண்டு போனார். ஃபைனல்ல ஃபுளோரிடா ஜெயிச்சாலும் இவர் 25 பாயிண்ட், 12 ரீபவுண்டு. எதிர்ல டெக்ஸஸ் காலேஜ் டுராண்ட், சராசரி 25.8 பாயிண்ட், முதல் வருஷ மாணவனாவே தேசத்தோட சிறந்த ஆட்டக்காரர். ஒல்லி உடம்பு, கம்பைன்ல கிட்டத்தட்ட 84 கிலோ பாரை பெஞ்ச் பிரஸ்ல ஒரு தடவை கூட தூக்க முடியலங்கிறது அப்போ பெரிய செய்தி.

ரெண்டு பேரும் ஒரே அடுக்கு. இதை யாரும் மறுக்க முடியாது. ஒரே அடுக்குன்னா ஃபிட் பார்க்கலாம்னு மேல சொன்னேன்ல, போர்ட்லேண்ட்ல பிராண்டன் ராய், லாமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ்னு ரெண்டு இளசு ஏற்கெனவே பாயிண்ட் போட இருந்தாங்க, நடுவுல கூடையைக் காவல் காக்க ஒரு பெரிய ஆள் தான் வேணும். போவிக்கு இருந்த மாதிரி ரெண்டு வருஷம் படுக்க வச்ச கால் சரித்திரம் ஓடனுக்குக் கிடையாது, காலேஜ் சீசனைத் தின்னது மணிக்கட்டு.

அப்புறம் நடந்தது தெரியும். முதல் மேட்ச் ஆடுறதுக்கு முன்னாடியே செப்டம்பர்ல வலது முழங்கால்ல மைக்ரோஃபிராக்சர் ஆபரேஷன், அதாவது குருத்தெலும்பு தேஞ்ச இடத்துல எலும்புல சின்னச் சின்ன ஓட்டை போட்டு புதுசா வளர வைக்கிற சிகிச்சை. முழு சீசன் போச்சு. அடுத்து 61 மேட்ச். அதுக்கடுத்து 21 மேட்ச்ல, 2009 டிசம்பர்ல, இடது முழங்கால் சில்லு உடைஞ்சது. போர்ட்லேண்டுக்கு மொத்தம் 82 மேட்ச், சரியா ஒரு சீசன் அளவு. டுராண்ட் 2014ல எம்விபி.

எனக்கு வலிக்கிற விஷயம், இந்தப் பையனை ஒரு நகைச்சுவையா ஆக்கிட்டாங்க. 19 வயசுல உலகமே எடுத்திருக்கும்னு சொன்ன ஆளு, 22 வயசுக்குள்ள ரெண்டு முழங்காலும் போயிடுச்சு. அதுல டீமோட அறியாமையும் இல்ல, அவரோட சோம்பேறித்தனமும் இல்ல. அது ரோட்டுல கிடந்த ஆணி.

எல்லா டீமும் விட்டா அது யாரோட தப்பு?

2014ல நிகோலா யோகிச் 41வது பிக்ல போனார், டிவில அந்த நேரம் விளம்பரம் ஓடிட்டு இருந்துச்சு. மூணு எம்விபி, 2023ல கப்பு. அவரை எடுத்த டென்வரே அன்னிக்கு ராத்திரி முதல் ரவுண்டுல யூசுஃப் நூர்கிச்சையும் கேரி ஹாரிஸையும் வாங்கிட்டு அப்புறம் தான் யோகிச்கிட்ட வந்தாங்க. அவரோட அருமை அவங்களுக்கே முழுசா தெரிஞ்சிருந்தா 41 வரைக்கும் காத்திருப்பாங்களா? இந்த மாதிரி நேரத்துல ஒரு டீமைத் தனியா பிடிச்சு "நீ ஏன் எடுக்கல"ன்னு கேட்கிறதுல அர்த்தமில்ல. 2013ல 15வதா போன யானிஸ் ஆன்டெடோகூன்போவும் அப்படித்தான், கிரீஸ் ரெண்டாம் டிவிஷன்ல ஆடிட்டு இருந்த ஒல்லிப் பையன், மில்வாக்கி போய் உடம்பும் ஆட்டமும் வளர்ந்த விதம் வேற ஊர்ல நடந்திருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது. விதை நல்லதா இருந்தா மட்டும் போதாது, எந்த மண்ணுல விழுந்துச்சுங்கிறதும் இருக்கு.

நோட்டுல எழுதி வைங்க

நான் சில வருஷமா ஒண்ணு பண்ணிட்டு வர்றேன், புதுசா பார்க்கிறவங்களும் பண்ணலாம். டிராஃப்ட் இந்தியாவுல விடியக்காலை வரும். முந்தின ராத்திரியே ஒரு நோட்டுல, நான் மேனேஜரா இருந்தா முதல் அஞ்சு பேர் யார், ஏன்னு ஒரு வரி, எது தப்பா போக வாய்ப்பிருக்குன்னு இன்னொரு வரி, தேதி போட்டு எழுதிடுவேன். பேனாவுல தான், அழிக்க முடியாது. மூணு நாலு வருஷம் கழிச்சு தான் திறந்து பார்ப்பேன்.

2018 பக்கத்துல முதல் பேர் டியாண்ட்ரே எய்ட்டன்னு என் கையெழுத்துல இருக்கு. லூகா டோன்சிச் மூணாவது. பக்கத்துல "ஓட்டம் மெதுவு, அமெரிக்க வேகத்துக்கு தாங்குமா?"ன்னு எழுதியிருக்கேன். அவர் அதுக்குள்ள ஐரோப்பாவோட பெரிய லீக்கான யூரோ லீக்ல எம்விபி வாங்கியிருந்தார், அது அன்னிக்கே மேசை மேல இருந்த தகவல், நான் அதுக்குக் கொடுக்க வேண்டிய எடையைக் கொடுக்கல. அவரை விட்டுட்டு மார்வின் பேக்லியை எடுத்த சாக்ரமெண்டோவை யாராவது திட்டும்போது நான் முதல்ல இந்தப் பக்கத்தைத் தான் எடுத்து இன்னொரு தடவை படிப்பேன்.